படம் வந்தது, சத்தம் வரவில்லை

என் கணவருக்குக் காது மந்தமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. வீட்டில் பேசுவதற்குக் காதுக்கருவியும் என் உதட்டசைவும் போதும். உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துக்கொள்வார். அவருக்குத் தெரியக் கூடாத எதையாவது முணுமுணுக்க வேண்டுமென்றால் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். போன்தான் அவருக்கு ஆகாது. அதில் வருவது வெறும் இரைச்சல் என்பார். வீடியோ காலிலும் மகளின் முகம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். அதில் உதட்டை எங்கே தேடுவது?

ஆகவே ஜெர்மனியில் இருக்கும் மகள் என்னிடம் பேசுவாள், நான் அவர் காதில் கத்துவேன். அவள் அரை மணி நேரம் பேசியதை, "நல்லா இருக்காளாம், அங்க குளிராம்" என்று முடித்துவிடுவேன்.

"இவ்வளவு நேரம் குளிரைப் பத்தியா பேசினா?" என்பார்.

என் தொண்டையும் மனுஷத் தொண்டைதானே, எவ்வளவு கத்துவது? ஆனால் மகளோடு நடுவில் யாரும் இல்லாமல் ஒரு தடவையாவது பேச வேண்டும் என்று அவர் ஏங்கியது எனக்கு நன்றாகவே தெரியும்.

போன முறை வந்தபோது மகள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும், கேமராவும், எனக்காக ஒரு ஸ்பீக்கரும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். "என் மூஞ்சி பெரிசா தெரியும்பா, நீயே பேசலாம்" என்றாள். புது மானிட்டரும் வாங்கியிருப்பாள். இவர்தான் விடவில்லை. அவள் காலேஜில் படித்தபோது வாங்கிய மானிட்டர் அலமாரி மேல் இருந்தது. "நல்லா இருக்கறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று ஒரே பிடிவாதம்.

அவள் ஊருக்குப் போன பிறகுதான் வம்பு தெரிந்தது. பழைய மானிட்டரில் இருப்பது இரண்டு பக்கமும் திருகு வைத்த விஜிஏ இணைப்பு. புதுக் கம்ப்யூட்டரில் இருப்பது எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும். ஒரு முனையில் இதுவும் மறு முனையில் அதுவும் உள்ள கேபிள் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. மானிட்டரோ 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு அணைந்துபோனது. திருகை இறுக்கினார், கழற்றினார், ஊதிப் பார்த்தார். அன்று சாயங்காலக் காபியைக்கூட அவர் சரியாகக் குடிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த குறுக்குத் தெருவில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் போனோம்.

"இது பரீ கேபிள் ஆன்ட்டி, வெறும் ஒயர்தான், உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார் கடைக்காரர், கன்னடம் கலந்த தமிழில். "கம்ப்யூட்டர் டிஜிட்டல்ல குடுக்குது. இந்த மானிட்டருக்கு அனலாக் மட்டும்தான் புரியும். நடுவுல ஒண்ணு இருந்து மாத்திக் குடுக்கணும்." கட்டைவிரல் நீளத்தில் ஒரு கன்வர்ட்டரை எடுத்து வைத்தார்.

அதை நான் என் கணவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதாவது சுருக்காம குடுக்குமா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் வந்தது. தலைகூட வாரிக்கொள்ளாமல் மகள் திரை முழுக்க உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம்தான் இல்லை. நான் ஸ்பீக்கரைத் திருகினேன், தட்டினேன், "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கிறது என்று தலையாட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். இவர் சிரித்தார். "வீடு மூணாவது மாடியிலயா? லிஃப்ட் இருக்கா?" என்றார். மறுபடி அவள் ஏதோ சொன்னாள்.

நான் அவர் தோளைத் தட்டினேன். "என்னங்க சொல்றா?"

"சவுண்டு மானிட்டருக்குப் போகுதாம். அதுல ஸ்பீக்கரே கிடையாதே. கீழ் மூலையில ஸ்பீக்கர் படத்தை அமுக்கி மாத்தணுமாம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அவசரமாக மவுஸைப் பிடித்தேன். என் கையின் மேல் அவர் கை வைத்தார்.

"கொஞ்சம் இரு. நாங்க பேசிக்கறோம்."

சுருக்கென்றது எனக்கு. உடனே கண்ணும் நிறைந்துவிட்டது. மவுஸை விட்டுவிட்டேன். அவள் உதட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விளங்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.