அக்ராவிலிருந்து குமாசிக்கு: அகோசுவாவின் பள்ளி தெரிந்த நாள்

காலை ஆறு மணிக்கு அக்ராவை விட்டுக் கிளம்பினோம். கானாவின் தலைநகரிலிருந்து குமாசிக்குச் சுமார் இருநூற்றைம்பது கிலோமீட்டர். எங்கள் ஊரில், கணபதிப் பகுதியில் நான் செய்து அனுப்பும் பம்புகளை அங்கே விற்பவன் என் மச்சினன் செந்தில். அழைத்துப் போக வந்திருந்தான். எனக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுக்கவே மனமில்லை.

காரை ஓட்டிய குவாமே ஆங்கிலத்தில் கலகலவென்று பேசினார். ஆனால் வண்டி சிக்னலில் நின்றால் போதும், செல்போனைப் பார்த்துவிடுவார். மகள் அகோசுவாவுக்கு எந்த மேல்நிலைப் பள்ளி என்று இன்று தெரிந்துவிடுமாம்.

இங்கே மழலையர் வகுப்பு இரண்டு வருடம், தொடக்கப் பள்ளி ஆறு, நடுநிலை மூன்று. அதன் முடிவில் நாடு முழுக்க ஒரே தேர்வு. தேறினால் மேல்நிலை மூன்று வருடம். நம் வீடுகளில் பத்தாம் வகுப்பில் அடிக்கும் காய்ச்சல் இவர்களுக்கு ஒன்பதிலேயே அடித்துவிடுகிறது.

"என் காலத்தில் மேல்நிலைக்குப் பணம் கட்ட வேண்டும். அப்பாவால் முடியவில்லை, நின்றுவிட்டேன். இப்போது அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை" என்றார் குவாமே.

எட்டரை மணிக்கு, வழியில் புன்சோ என்ற ஊரில் நிறுத்தினோம். வாழைக்காய் சிப்ஸ் பத்து செடி; இவர்கள் ஊர்ப் பணத்துக்கு அதுதான் பெயர். நம் ஊர் ருசியேதான். குவாமே தள்ளி நின்றபோது செந்திலிடம் கேட்டேன்.

"மாப்ள, பெரிய ஆளுங்க யாராச்சும் பழக்கமா? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா அந்தப் புள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடமாக் கெடைக்குமில்ல?"

"மார்க்கையும் புள்ள எழுதிக் குடுத்த லிஸ்ட்டையும் வெச்சு கம்ப்யூட்டர் போடுதுங்க மச்சான். ஆளப் புடிக்கறவங்க இங்கயும் இருக்கறாங்க. இவரு மாட்டாருங்க. புள்ள படிச்சிருக்குது, அது போதும்பாரு."

பத்து மணி இருக்கும். செல்போனில் செய்தி வந்து ஒலித்ததும் குவாமே காரை ஓரங்கட்டினார். "எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. நீங்கள் வாசியுங்கள்" என்று என்னிடம் நீட்டினார்.

கேப் கோஸ்ட் நகரில் விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளி, அறிவியல் பிரிவு. அவள் முதலாவதாக எழுதிக் கொடுத்த பள்ளி அதுதான்.

குவாமே மகளைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் தெருவே கூடிக் கத்துவது கேட்டது. "நீ ஜெயித்துவிட்டாய், நீயே ஜெயித்துவிட்டாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரோட்டோரத்தில் நானும் கைதட்டினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் ஊரில், ஆர்.எஸ்.புரத்துப் பள்ளியில் என் மகளுக்குப் பதினோராம் வகுப்பில் இடம் கிடைத்த நாள் நினைவுக்கு வந்தது. அவளும் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தாள். இருந்தும் ஒருவரைப் பிடித்துச் சொல்லச் சொன்னேன். இடம் கிடைத்ததும் பழத்தட்டோடு அவர் வீட்டுக்கு ஓடினேன். மகளிடம் 'நீ ஜெயித்துவிட்டாய்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.