பின்கதவு ஸ்பீக்கரும் ஜெயசிங் அண்ணாச்சியும்

ஜெயசிங் அண்ணாச்சி இறந்துவிட்டார்.

மதியம் கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

பாளையங்கோட்டையில் கார் ஆடியோ கடை வைத்திருந்தார். காருக்கு பாட்டு செட் மாட்டிய பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய கார் ஒன்று வாங்கி, ஆம்ப்ளிஃபயர் மாட்ட அவரிடம்தான் போனேன். மாட்டி முடித்ததும் "கெயினை ஃபுல்லா வைங்க அண்ணாச்சி" என்றேன்.

"என்னவே கோர்ட்டு, கெயின்னா வால்யூம்னு நினைச்சீரா? ஸ்பீக்கர் கிழிஞ்சு தொங்கிரும்."

அன்றிலிருந்து நான் அவருக்கு 'கோர்ட்டு'தான்.

பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தார். ஆம்ப்பில் கெயின் திருகை முழுக்கக் குறைத்தார். ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசி ஏற்றி, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கெயினை மெல்ல மெல்லத் திருப்பினார். பாடுகிற குரல் லேசாகப் பிசிறடித்ததும் நிறுத்தி, ஒரு இழை பின்னால் இறக்கினார்.

"பாடுதவன் மூச்சு இழுக்குதது கேக்குதா? போதும். அதுக்கு மேல ஏத்தாதீரும்."

கேட்டது. பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதுபோல.

இன்னொரு நாள் ஒரு பழைய ஸ்பீக்கரை மைக் மாதிரி ஆம்ப்பில் சொருகி, அதன் முன்னால் வாயை வைத்துப் பேசிக் காட்டினார். அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாமான்தான்வே. பேசவும் செய்யும், கேக்கவும் செய்யும்."

அப்போது சிரித்தேன்.

பிறகு வெள்ளம் வந்தது. கொக்கிரகுளத்தில் எங்கள் தெருவுக்குள் ஆறு ஏறிவிட்டது. நானும் என் மனைவி செல்வியும் மொட்டை மாடியில். கீழே பூட்டிய கார், கூரைவரை தண்ணீரில்.

வடிந்ததும் அண்ணாச்சி காரைப் பிரித்து சேற்றைக் கழுவினார். ஆம்ப் போய்விட்டது. ஸ்பீக்கர்களும் ஊறிப்போயிருந்தன. இடது பின்கதவில் இருந்தது மட்டும் எப்படியோ தப்பியிருந்தது... அதைக் காயவைத்து மாட்டினார். மற்றதெல்லாம் புதுசு.

கொஞ்ச நாளில் செல்விதான் முதலில் கவனித்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், பின்கதவிலிருந்து... டக். டக்.

அப்புறம் ஒரு மூச்சு. தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியவர் இழுக்கிற மூச்சு.

இரண்டு பேரும் காரை அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். கெயினைக் குறைத்தார். இரைச்சல் குறைந்தது. தட்டுகிற சத்தம் குறையவே இல்லை.

எர்த் சரியில்லையோ என்று பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் வயரை முடுக்கினார். ஸ்டீரியோவிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினார். கடைசியில் ஆம்ப்பின் ஃபியூஸையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

டக். டக்.

வெளியே உச்சி வெயில். டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணாச்சி ஃபியூஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளத்தப்ப வண்டிக்குள்ள யாரும் இருந்தாவளா?"

"இல்ல அண்ணாச்சி. பூட்டிக் கெடந்துச்சு."

செல்வி என் சட்டையைப் பிடித்தாள். "அன்னைக்கு மாடியில நிக்கும்போது கீழ தட்டுத சத்தம் கேட்டுச்சுல்லா... கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து கார்ல இடிக்குதுன்னு நெனச்சோம்லா..."



அண்ணாச்சி குனிந்து, அந்த ஸ்பீக்கரின் மூடியில் விரல் முட்டியால் தட்டினார்.

பதிலுக்குத் தட்டியது.

நான் ஓடியிருப்பேன். செல்வி சட்டையை விடவில்லை. அண்ணாச்சி நிமிர்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பின்கதவை அகலத் திறந்தார்.

"ஏறி உக்காருங்கய்யா. தண்ணியெல்லாம் வடிஞ்சுட்டு."

அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். வயசான ஒருவர் ஏறிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார். சீட் முனகியது எனக்குக் கேட்டது. செல்வி அப்படியெல்லாம் இல்லை என்கிறாள்.

அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில். செல்வி கடையிலேயே நின்றுகொண்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை... ஏசி போடாமலே காருக்குள் குளிர்ந்தது. ஈரச் சேற்று வாடை.

"எங்க அண்ணாச்சி போறோம்?"

"எந்த ஊர்க்காரருன்னு நமக்குத் தெரியுமா?"

புது பஸ் ஸ்டாண்ட் வாசலில் நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். "இறங்கிக்கிடுங்கய்யா. இங்கன இருந்து எல்லா ஊருக்கும் பஸ் உண்டு."

பூ விற்கிற அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்கப்புறம் அந்தச் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரை மாற்றவில்லை. இன்றைக்கும் அதுதான் பாடுகிறது.

எங்கள் தெருவில் யாரும் காணாமல் போகவில்லை. ஆனால் ஆறு எங்கெங்கிருந்தோ வருகிறது. யாரென்று யாரிடம் கேட்க...

அண்ணாச்சியும் நானும் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி, மைனி, உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. ஒன்று கேட்டார்கள்.

"எங்க சபையில செத்தவங்களுக்காக ஜெபிக்க மாட்டாவ தம்பி. இவிய மட்டும் வெள்ளத்துக்குப் பொறவு, தெனமும் குடும்ப ஜெபத்துல, 'பேரு தெரியாத அந்த அய்யா ஊரு போய்ச் சேந்திருக்கணும் ஆண்டவரே'ன்னு சொல்லுவாவ. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாவ. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மைனி" என்றேன்.

நாளை காலை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

பையப் போங்க, அண்ணாச்சி.