அம்மன் எனக்குத் திருப்பிக் கொடுத்த பெருவிரல் ரேகை

அம்மன் பக்தர்கள் எல்லாருக்கும் வணக்கம். முதலில் என்னை மன்னிக்க வேண்டும். கோயில் மலரில் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். நம் மகளிர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் லெட்சுமி அக்காதான், "பேச வேணாம் லா, எழுதிக் கொடு" என்று விடாமல் சொன்னார். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் பிழைத்ததே அம்மன் கருணை. ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த பெண், "முதல் சில மாசம்தான் முக்கியம், விட்டுறாதீங்க" என்று சொல்லியிருந்தார்.

பயிற்சிக்குச் செலவு அதிகம் இல்லை. போய் வருவதுதான் கஷ்டம். அவரால் பஸ்ஸில் ஏற முடியாது. வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும். நான் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறேன். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். விலைவாசிக்காக அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கிற பந்துவான் பணம் என் பெயரில் பேங்க்கில் விழும். அதைத் தொடாமல் கார் செலவுக்கென்று வைத்திருந்தோம். அதை நம்பித்தான் அவர் பயிற்சிக்குப் போய்வந்தார்.

இந்த வருஷம் ஆனி மாதம் என் ஏடிஎம் கார்டு உடைந்துவிட்டது. பழைய கார்டு, பர்ஸுக்குள் மடங்கிக் கிடந்தது. புதுக் கார்டு வாங்க பேங்க்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என் அடையாள அட்டையை, ஐசியை, வாங்கிக்கொண்டு, பெருவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டிஷ்யூ கொடுத்துத் துடைக்கச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. இன்னொரு பெருவிரலும் அப்படித்தான். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பணம் எடுக்கவும் அதே ரேகைதான் வேண்டுமாம். "தாக் அப்பா, காக், வேற நாள் வாங்க" என்று, பரவாயில்லை அக்கா என்கிற மாதிரி, அந்தப் பெண் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் திருடி மாட்டிக்கொண்டது போல் இருந்தது.

கையில் காசு இல்லாததால் அவர் பயிற்சிக்குப் போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்னொரு தடவை வராவிட்டால் அந்த இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள், மறுபடி வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆடி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை கொடுத்தார்கள்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வாய் வராது. அம்மனிடம் மட்டும்தான் சொன்னேன். அதையும் நான் வாயால் சொல்கிறவள் இல்லை. என் பிரார்த்தனை எல்லாம் விளக்கு தேய்ப்பதுதான். பல வருஷமாக வெள்ளிக்கிழமை பின்வாசல் வழியாக வந்து, குழாயடியில் உட்கார்ந்து கோயில் விளக்குகளைத் தேய்த்து வைத்துவிட்டு, பூஜை தொடங்குமுன் வீட்டுக்குப் போய்விடுவேன். முன்னால் வந்து நிற்கக் கூச்சம். இந்தத் துன்பம் வந்ததும் தினமும் சாயங்காலம் போய்த் தேய்த்தேன். இன்னும் செய்தால் அம்மன் கண் திறப்பாள் என்று நினைத்தேன்.

குத்துவிளக்குத் தண்டில் வளையம் வளையமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் நார் போகாது. புளியையும் தூளையும் வைத்துப் பெருவிரலால் அழுத்தித்தான் தேய்க்க வேண்டும். அழுது அழுது தேய்த்தேன். விளக்கு தங்கம் போல் ஆனது.

மறுபடி பேங்க்குக்குப் போனேன். இந்த முறை முன்னைவிட மோசம். கருவி விரலையே கண்டுகொள்ளவில்லை. ஐசி எடுக்கும் அலுவலகத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேயும் வரவில்லை. அங்கிருந்த வயதான அதிகாரி என் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரேகை தேய்ந்து வழவழவென்று இருப்பதாகச் சொன்னார். "என்ன கழுவுறீங்க, காக்?" என்று கேட்டார். கடையில் தட்டு கழுவுகிறேன், ஆனால் அங்கே கையுறை போடுகிறேன் என்றேன். சில வாரம் கையைச் சும்மா விடுங்கள், எண்ணெய் தடவுங்கள், தோல் தானாக வளரும் என்றார். அப்படியும் வராவிட்டால் வேறு பத்திரங்கள் கொண்டுவர வேண்டும், அதற்கு நாளாகும் என்றார். விளக்கைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரருக்கு அப்போது பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும்.

"ரேகை இல்லன்னா நல்லதுதானே. பேங்க்க கொள்ளையடி. யாரும் கண்டுபிடிக்க முடியாது லா."

"கார் யாரு ஓட்டுவா?" என்று கேட்டேன்.

"அதான் பிரச்சன," என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பயிற்சிக்கென்று பிசையும் ரப்பர் பந்தையும் தொடவில்லை. என் மனம் உடைந்தது அன்றைக்குத்தான்.

கடைத் தட்டுக்குக் கையுறை போடலாம். அம்மன் விளக்குக்கு எப்படிப் போடுவது? அதுவும் ஆடி வெள்ளி வருகிறது. எல்லா விளக்கும் வெளியே வரும். அந்த நேரத்தில் எனக்குக் கை வலிக்கிறது என்று உட்கார முடியுமா? வெள்ளிக்கிழமை வழக்கம்போல் குழாயடிக்குப் போய்விட்டேன். புளியைக் கரைக்கும்போது விரல் எரிந்தது. நான் கையை உதறியதை லெட்சுமி அக்கா பார்த்துவிட்டார்.

"கையக் காட்டு."

"ஒன்னும் இல்லக்கா."

"காட்டு சாரதா. நான் என்ன மோதிரமா கேக்குறேன்?"

காட்டினேன். அவர் கேட்கக் கேட்க எல்லாம் வந்துவிட்டது.  அக்கா என் மடியிலிருந்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ விளக்கத் தேய்க்கிறியா, உன் கையத் தேய்க்கிறியா? ஆத்தா உன்னக் கேட்டாளா? காசு வேணுமா, நான் தரேன்."

"வேணாங்க்கா. காசு பேங்க்கிலதான் இருக்கு. எடுக்கத்தான் முடியல."

"அப்ப எழுந்திரு. முன்னால போய் உக்காரு. இந்தக் குழாய்ப் பக்கம் உன்னப் பாத்தேன்னா பாரு."

மற்ற பெண்களைக் கூப்பிட்டு விளக்குகளைப் பிரித்துக் கொடுத்தார். என்னைக் கையைப் பிடித்து சந்நிதி முன்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயும் ஊற்றினார்.

கையில் வேலை இல்லாமல் எனக்குச் சாமி கும்பிடத் தெரியாது. கை எண்ணெயாக இருந்ததால் கூப்பவும் முடியவில்லை. மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. தீபாராதனை காட்டினார்கள். அம்மன் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் முதல் தடவையாக நேராகக் கேட்டேன். "ஆத்தா, எங்கிட்ட கொடுக்க ஒன்னும் இல்ல. அவர் நடக்கணும். நீதான் பாத்துக்கணும்." அவ்வளவுதான் சொன்னேன். மனம் லேசானது. காசு வராமல்கூடப் போகலாம், ஆனால் தனியாக இல்லை என்று ஒரு தைரியம் வந்தது.

பந்துவான் பணத்தை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாகவே இருக்கும், உழைக்காமல் வருகிற காசு என்று. அம்மனிடமும் உழைத்துத்தான் வாங்க வேண்டும் என்று அதேபோல் நினைத்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அது புரிந்தது.

ஆடி முழுக்க அப்படியே உட்கார்ந்தேன். கடையில் முதலாளியம்மா என்னைக் காய்கறி பிரிக்கும் வேலைக்கு மாற்றினார். வீட்டில் தினமும் எண்ணெய் தடவினேன். என் வீட்டுக்காரர் இடது கையால் என் விரலைத் தூக்கிப் பார்த்து, "கோடு தெரியுற மாதிரி இருக்கு" என்பார். தெரியாத நாளிலும் அதையேதான் சொன்னார். பந்தையும் மறுபடி பிசையத் தொடங்கினார்.

பயிற்சிக்கு முந்தின நாள், புதன்கிழமை, பேங்க்குக்குப் போனேன். அதே பெண்தான். வலது பெருவிரல் சிவப்பு. இடது பெருவிரலை வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. நான் "ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். பச்சை எரிந்தது.

"சுடா போலே, காக். கிடைச்சிருச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் டிஷ்யூ கொடுத்தார். நான் பழக்கத்தில் விரலைத் துடைத்தேன். அவர் சிரித்து, இன்னொன்று எடுத்துக் கொடுத்து, தன் கண்ணைக் காட்டினார்.

தோல் தானாகத்தான் வளர்ந்தது என்று நீங்கள் சொல்லலாம். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையை எடுக்க மாட்டேன் என்றவளை அம்மன்தான் கையைப் பிடித்து எழுப்பினாள். லெட்சுமி அக்கா ரூபத்தில் வந்தாள் என்று நான் நம்புகிறேன். இதைக் கேட்டால் அக்கா திட்டுவார். இப்போது நான் முன்வாசல் வழியாக வருகிறேன். பூஜை முடியும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு கையுறை போட்டு விளக்கு தேய்க்கிறேன்.

என்னைப் போல் கூச்சப்பட்டுப் பின்னால் நிற்கிறவர்கள் நம் கோயிலில் இன்னும் இருப்பீர்கள். கஷ்டம் இருந்தால் வந்து முன்னால் உட்காருங்கள். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வாய் திறந்து கேளுங்கள். அவள் கொடுப்பாள்.

பச்சை விளக்கு எரிந்த மறுநாள், வியாழக்கிழமை காலையில் வாடகைக் கார் வந்தது. அவர் பயிற்சிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மதியம் வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டுத் தூங்கினார்.