பாத்தியில் போட்ட அமினோ அமிலம்

சகாயசெல்விக்கு முப்பத்திரண்டு வயது. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. ப்ளஸ் டூவில் உயிரியலில் மட்டும் கோட்டைவிட்டுப் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. 2006 மார்ச்சில் அந்தப் பரீட்சையை மறுபடி எழுத விண்ணப்பம் போட்டிருந்தாள்.

படித்தது மனசில் நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? யாராவது உட்கார்ந்து அவள் ஒப்பிப்பதைக் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளுக்குத்தான் பஞ்சம். சுவரைப் பார்த்து ஒப்பித்தால் பாழாய்ப்போன சுவர் 'ம்' கொட்டுமா?

தை மாதம், உப்பு விளையும் பாத்தியின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை. மிதித்து மிதித்துக் களிமண் வழவழவென்று ஆகியிருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் குச்சியை எடுத்துப் பாத்தியில் அமினோ அமிலத்தைப் போட்டாள். நடுவில் ஓர் இங்கிலீஷ் எழுத்து, அதிலிருந்து நாலு கோடு, கோட்டு நுனிகளிலும் எழுத்துகள்.

திரும்பி வந்த கொளஞ்சி அலறிவிட்டாள்.

"ஐயையோ, யாரோ செய்வினை வச்சிட்டாங்க! நான் கால வைக்க மாட்டேன்!"

பத்துப் பேரும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். மேஸ்திரி பச்சமுத்து ஓடிவந்தார்.

"ஏம்மா செல்வி, உன் வேலையா? என்னா மந்திரம் இது?"

"மந்திரம் இல்லீங்க மேஸ்திரி, பாடம். அமினோ அமிலம். நம்ம சதை, மீன் சதையில இருக்குற புரதமெல்லாம் இத வரிசையா கோத்துக் கட்டினதுதான். நடுவுல கார்பன், அதுக்கு நாலு கை. ஒண்ணுல அமினோ தொகுதி, ஒண்ணுல அமிலத் தொகுதி, ஒண்ணுல ஹைட்ரஜன்."

"நாலாவது கையில என்னாத்த வச்சிருக்க?" கொளஞ்சி விடவில்லை.

"அதுதாங்க்கா மாறும். அத வச்சுதான் இருவது தினுசு. ஒண்ணோட அமிலக் கை அடுத்ததோட அமினோ கையப் புடிக்கும். புடிக்கும்போது ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டுடும்."

திக்காமல் திணறாமல் முழுசும் சொல்லிவிட்டாள். பத்துப் பேர் வாய் பார்த்து நின்றார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"சரி சரி, அழிச்சிட்டு வேலயப் பாரு," என்றார் மேஸ்திரி.

மறுநாள் மதியம், எல்லோரும் நடக்கும் வழியிலேயே, இன்னும் பெரிதாகப் போட்டாள். இந்தத் தடவை இரண்டைக் கை கோத்து. யாராவது அலற மாட்டார்களா, சண்டைக்காவது வர மாட்டார்களா என்று பக்கத்திலேயே நின்றாள்.

கொளஞ்சிதான் முதலில் வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நம்ம செல்வியோட படிப்பு. மிதிச்சிடாம வாங்கடி," என்று பின்னால் திரும்பிச் சொன்னாள்.

எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.