திராட்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தவன்

ஹோட்டலில் இரவு மேசைக்கு இருப்பவனிடம் விருந்தாளிகள் கேட்பதெல்லாம் பகலைப் பற்றித்தான். நாளைக்கு எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் புறப்படலாம், மழை வருமா? பகல் முழுக்கத் திரைச்சீலையை இழுத்து விட்டுப் படுக்கிற ஒருவனிடம் கேட்கிறோமே என்று ஒருவரும் யோசிப்பதில்லை. இரவு வேலை செய்து பிழைக்கிற உங்களுக்கு இதொன்றும் புதினமில்லை.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சின்ன ஹோட்டலில் இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு மணி வரை என் வேலை. வாசலுக்குப் பக்கத்தில் சுற்றுலா விளம்பரத் தாள்கள் அடுக்கிய தட்டு ஒன்று இருந்தது. பிரெஞ்சு படிக்கலாமே என்று அவற்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். வகுப்புக்குப் போய்ப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. எந்தக் கதிரையிலும் அரை மணிக்கு மேல் இருக்கமாட்டாத ஆள் நான். அகராதியோடு நின்றுகொண்டே வாசித்தேன். பிரெஞ்சோடு சேர்த்து வைனும் வந்துவிட்டது. குடிக்கிற பழக்கம் இல்லை, பேச்சு மட்டும்தான்.

நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தென்கிழக்கே போனால் டனம் என்ற ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். அங்கே எந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். வசந்தத்தில், குளிருக்குப் பயந்து மண்ணால் மூடி வைத்த கொடிகளைத் திறப்பார்கள். ஓகஸ்டில் தோட்டத்துக்குள்ளேயே பாட்டுக் கச்சேரி. செப்ரெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் பழம் பறிக்கிற கொண்டாட்டம். வருகிறவர்கள் கையிலும் வாளியும் கத்தரிக்கோலும் கொடுப்பார்கள். யார் கேட்டாலும் எந்த நாள், எந்தத் தோட்டம், எந்தப் பாதை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் முகாமையாளரே விருந்தாளிகளை என்னிடம் அனுப்பத் தொடங்கினார்.

ஜூஸ் ஃபேக்டரி

சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒரு இளம் தம்பதி எங்கள் ஹோட்டலில் மூன்று மாதம் தங்கினார்கள். "சார், நாங்க வைன்லாம் குடிக்க மாட்டோம். சும்மா தோட்டம் மட்டும் பாக்கலாம்ல?" என்று அந்தப் பையன் கேட்டான். "தாராளமாக" என்று பழம் பறிக்கிற சனிக்கிழமை ஒன்றுக்குத் தாள் எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை இரவு நான் வேலைக்கு ஏறிய கையோடு இருவரும் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவன் கையிலிருந்த காகிதப் பைக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டின. அவனுடைய அம்மா ஊரிலிருந்து எடுக்கிற அழைப்பெல்லாம் என் மேசைக்குத்தான் வரும்; அங்கே காலை என்றால் இங்கே என் வேலை நேரம். தொலைபேசி இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஹோட்டல் சட்டம். மூன்றாவது மணி அடிக்க நான் ஒருநாளும் விட்டதில்லை. அது அவனுக்கும் தெரியும். மேசையில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அம்மா ஃபோன் பண்ணா, ஜூஸ் ஃபேக்டரி பாத்துட்டு வந்து டயர்டா தூங்கறாங்கன்னு சொல்லிடுங்க சார். சொல்லும்போது சிரிச்சிடாதீங்க."

போன வருஷத்துத் தாள்

இது என்னுடைய பிழை. ஒன்ராறியோவின் வடக்கிலிருந்து வயதான தம்பதி ஒன்று வந்தது. கலியாணம் முடித்த புதிதில், ஒரு நாளைக்குத் திராட்சை பறிக்கப் போகவேண்டும் என்று பேசிக்கொண்டார்களாம். பிள்ளைகள், வேலை, வீடு என்று நாற்பது வருடம் போய்விட்டது. நான் கொப்பியைப் பார்த்து நாள் குறித்துக் கொடுத்தேன். கொப்பியில் இருந்தது போன வருஷத்து நாள். அந்தக் கோடை வழமையை விடச் சூடாக இருந்து, பழம் முந்திப் பழுத்து, பத்து நாளுக்கு முன்பே பறித்து முடித்துவிட்டார்கள். வெறும் கொடிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை அறையைக் காலி பண்ணும்போது அந்த அம்மா என்னைப் பார்க்காமல் திறப்பை மேசையில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கணவர் நல்ல மனுஷன், சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இலைகள் அழகாய்த்தான் இருந்தன, மிஸ்டர் அருள். இலை எங்கள் வீட்டிலும் இருக்கிறது."

குளிர்பெட்டிக் கதவு

அதன்பிறகு விசாரிக்காமல் யாருக்கும் நாள் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். டனத்தில் ஒரு தோட்டக்கார அம்மாவை, மதாம் என்றுதான் கூப்பிடுவேன், வேலை முடிகிற நேரம் தொலைபேசியில் பிடிப்பேன். விடிய முன்னம் எழும்புகிற ஆள் என்றபடியால் கோபிக்கமாட்டா. காலநிலை மாறினால் அவவே என் மேசைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வா. என் தாள்களில் பிறகு பிழை வரவில்லை. அறுவடைக் கிழமைகளில் ஹோட்டல் நிரம்பியது. நிரம்பிய ஹோட்டலில் எனக்கு லீவு இல்லை.

என் மனைவி றெஜினா கார்டெரி ஒன்றில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சமையல் வேலை செய்தாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. நாங்கள் அநேகமாகச் சந்திப்பது வெளிப்படிக்கட்டில்தான். நான் ஏற, அவள் இறங்க. நான் கொண்டுவந்த விளம்பரத் தாள் ஒன்றில் ஒரு பெண் வாளி நிறையத் திராட்சையோடு நிற்கிற படம் இருந்தது. றெஜினா அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். "ஒருக்கா போவமே?" என்று கேட்டாள். "வாற வருஷம்" என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். நான்காவது வருஷம் அவள் படிக்கட்டில் நின்று, கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்கட ஹோட்டலில ஒரு அறை எடுத்தனெண்டா எனக்கும் ஒழுங்கு செய்து தருவியளோ?"

பட்டியல்

றெஜினாவைக் கூட்டிப்போக வழி சொன்னது மதாம்தான். சில தோட்டங்களில் பழத்தைப் பறிக்காமல் குளிருக்கு விட்டுவிடுவார்கள். தை மாதமளவில் அது கல்லுப்போல உறைந்த பிறகு பறித்துப் பிழிந்தால் தேன்போல ஒரு வைன். அதற்கு நாள் குறிக்க முடியாது, குளிர் விழவேண்டும். நாளைக்குப் பறிக்கலாம் என்று தெரிந்ததும், உதவிக்கு வர விரும்புகிறவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் நாள் மத்தியானமே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடுவா. எடுத்தவர் வரலாம். எடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்கு.

தை மாதத்தில் ஹோட்டலில் ஆளில்லை. "லீவுக்கு முதல் நாள் சொன்னால் போதும்" என்று முகாமையாளரும் சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பெயரையும் பட்டியலில் போடச் சொன்னேன். மதாம் முதலாவதாகவே போட்டா. றெஜினா முழங்கால் வரை வருகிற பூட்ஸ் வாங்கி வாசலில் வைத்தாள். கூட வேலை செய்கிறவளோடு கதைத்து, எந்த நாளானாலும் மாறிக்கொள்ள ஒழுங்கு செய்தாள். வேலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கட்டளைதான்: "போன் வந்த உடன எனக்கு எடுங்கோ. மக்கரோனி அடுப்பில கிடந்தாலும் விட்டிட்டு வருவன்."

வயர்

பகலில் படுக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியும். தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து கழற்றினால்தான் எங்களுக்கு நித்திரை. எத்தனையோ வருடப் பழக்கம். அந்தத் தை மாதம் பதினேழு நாள் நான் அதைக் கழற்றவில்லை. ஜன்னல் மாற்றச் சொல்லி ஒருவன் எடுத்தான். கம்பளம் கழுவ வேண்டுமா என்று இன்னொருத்தி. கோயில் கூட்டம் ஒன்றைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் கதைத்தார். பதினெட்டாம் நாள் கண் எரிந்தது. இரண்டு மணித்தியாலம் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வயரை இழுத்தேன். எழும்பியபோது பின்னேரம் ஐந்து. வயரைத் திரும்பக் குத்தினேன். அது அடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு என் மேசையில் மணி அடித்தது. வழக்கம்போல உடனே எடுத்தேன். மதாம். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம், வாளிகள் உரசுகிற சத்தம். பறிக்கத் தொடங்கிவிட்டார்களாம். முதல் நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடத்தை வேறு இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டா. அவ கோபிக்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டா: "மிஸ்யே அருள், ஹோட்டலில் நீங்கள் மூன்றாவது மணி அடிக்க விட்டதே இல்லையே!"

குளிர் காணாது

படிக்கட்டில் றெஜினா இறங்கி வந்தாள். கைப்பிடியில் பனி உறைந்திருந்தது. "இண்டைக்கு நல்ல குளிர். அவ கூப்பிடேல்லையோ?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. "இந்த வருஷம் அவைக்குக் குளிர் காணாதாம். பறிக்கேல்லையாம்" என்றேன். சொல்லும்போது என் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. அவள் அந்த மூச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "சரி, பூட்ஸ் பழுதாகிற சாமான் இல்லைத்தானே."

மாதர் சங்கத்து பஸ்

அடுத்த செப்ரெம்பரில் எங்கள் கோயில் மாதர் சங்கம் பஸ் பிடித்து ஒரு நாள் பயணம் போக முடிவெடுத்தது. எங்கே, எப்போது என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் எழுதிய தாள்களிலே ஆகத் திறமானது அதுதான். இரண்டு தரம் மதாமோடு கதைத்து நாளை உறுதிப்படுத்தினேன். சனிக்கிழமை காலை எட்டுக்குப் பஸ். "நீங்களும் வாங்கோவன்" என்றாள் றெஜினா. வெள்ளி இரவும் வேலை, சனி இரவும் வேலை, நித்திரை இல்லாமல் எப்படி என்றேன். ஒரு பகல் படுக்காவிட்டால் செத்திருக்கமாட்டேன். மதாமுக்கும் றெஜினாவுக்கும் நடுவில் நிற்கத்தான் பயந்தேன். அவளை மட்டும் அனுப்பினால் கதை வெளியே வராது என்று எப்படி நினைத்தேனோ தெரியாது. நித்திரை இல்லாதவன் கணக்கு அப்படித்தான்.

பொழுதுபடத் திரும்பி வந்தாள். விரல்கள் கறுத்திருந்தன. நான் படுக்கையில் இருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் இருந்து, சோற்றுப் பெட்டியைத் திறந்து ஒரு குலையை எடுத்துத் தந்தாள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸுக்குள் செபமாலை சொன்னதைச் சொன்னாள். சம்பலும் இடியப்பமும் தோட்டத்துப் புல்லில் வைத்துச் சாப்பிட்டார்களாம். ருசி பார்க்கத் தந்த வைனைக் குடித்துவிட்டு, மன்னார் ஜெசிந்தா அக்கா, "பூசையில ஃபாதர் ஏன் ஒருத்தருக்கும் குடுக்காமல் தானே குடிக்கிறார் எண்டு இப்பதான் விளங்குது" என்றாவாம். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகு பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "மதாமைக் கண்டனான். பேரைச் சொன்ன உடன கட்டிப் பிடிச்சவ. அண்டைக்கு எங்கட வீட்டுக்கு மூண்டு தரம் போன் அடிச்சவவாம்."

நான் வாயைத் திறந்தேன். குலையிலிருந்து ஒரு பழம் போர்வையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுத்துத் தன் வாயில் போட்டாள். எழும்பிப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். சுவர் ஓரத்தில் குனிந்தாள். "வேலைக்குப் போக இன்னும் நேரம் கிடக்கு. நீங்கள் படுங்கோ, வயரை நான் கழட்டி விடுறன்."

டனம் பக்கம் எந்தக் கிழமை என்ன கொண்டாட்டம் என்று இன்றும் பிழையில்லாமல் சொல்லுவேன், ஆகவே போகிற எண்ணம் உள்ளவர்கள் பகலிலேயே தாராளமாக எடுத்துக் கேட்கலாம், வயர் இப்போதெல்லாம் சுவரில்தான் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் போவமே என்று கேட்டால் அவள்தான் "நான் பாத்திட்டன்தானே" என்கிறாள்.