முக்கில் இறங்கி நடந்தது

வாசலில் யாரோ சைக்கிள் டயரில் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். அந்த 'உஸ்ஸ்' சத்தம் இன்றும் என்னைப் பள்ளிக்கூட நாட்களுக்கு இழுத்துப்போகிறது.

அப்போது சைக்கிளில் டபுள்ஸ் போகக்கூடாது. பிடித்தால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். புதுமடத்திலிருந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), போலீஸ்காரர் நிற்கும் மெயின்ரோட்டு முக்குக்கு முன்பே இறக்கிவிடுவார். "யாரோ மாதிரி முன்னால போம்மா. தாண்டுனதும் ஏறிக்கலாம்." நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன்.

முழுப்பரீட்சை அன்று நான் இறங்குவதைப் போலீஸ்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அத்தாவை நிறுத்தி, என்னையும் கூப்பிட்டார்.

"பாப்பா, இது யாரு? உங்கப்பாவா?"

உண்மையைச் சொன்னால் காற்று போய்விடுமே.

"யாருன்னு தெரியாது" என்றேன்.

அவர் அத்தாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். "ஏலே, யாரு பிள்ளையக் கூட்டிட்டு வாரே?"

"எம் மகதான் சார். நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

காலரை விட்டுவிட்டுக் குனிந்தார். இரண்டு டயரும் உஸ்ஸென்று படுத்தன.

மறுநாள் முக்கு வந்ததும் அத்தாவும் இறங்கினார். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா, 'எங்க அத்தா'ன்னு சொல்லும்மா."

சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார். கேட்கவே இல்லை.