முதுகுக்காரனுக்காக நான் எழுதிய கடிதம்

கடிதம் எழுதிய அன்று அந்த மெஷினுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தோம். நான், வக்கீல் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அண்ணன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மலாய் நண்பர். கல்லாவில் கடைக்காரச் சீனர் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் பேச்சில் சேரவில்லை. என் சித்தப்பா இல்லை. அன்று அவருக்கு ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி. அவர் இருந்திருந்தால் அந்தக் கடைசிப் பத்தியை நான் எழுதியிருக்க மாட்டேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அவர் பக்கத்தில் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன், வாசித்தும் காட்டியிருப்பேன்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த இடம். ஆறு வீடியோ ஆட்ட மெஷின்கள். ஐந்தில் பறக்கும் தட்டும் பழம் தின்னும் பூச்சியும். ஆறாவதுதான் எங்களுடையது. அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் உண்டு. நாங்கள் முதுகுக்காரன் என்றோம். திரையில் ஒரு சிப்பாய் நடந்து போவான். நாம் அவனுக்குப் பின்னால் நிற்பது போல இருக்கும், ஆகவே அவன் முதுகு மட்டும்தான் தெரியும். இடக்கையில் பிடி, வலக்கைக்குப் பொத்தான். பிடியைத் தள்ளினால் நடப்பான், பொத்தானை அழுத்தினால் சுடுவான். வழியில் எண்ணெய் டிரம்கள் இருக்கும், அவற்றுக்குப் பின்னால் ஒளியலாம். பிறகு ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் காடு. ஓர் ஆட்டத்துக்கு இருபது காசு. அடுத்த ஆட்டம் யாருக்கு என்பதற்கு, கண்ணாடியின் கீழ் விளிம்பில் காசை வைத்துவிட்டு நிற்க வேண்டும்.

நான் அப்போது புகுமுக வகுப்பின் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடத்துக்கு மேல் இருந்த முதல் ஆள் நான்தான். புக்கிட் மேராவில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான், சித்தப்பாவின் இரண்டு பெண்கள். வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதமும் என் கைக்குத்தான் வரும். தண்ணீர் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் அது வந்ததாகக் கணக்கு.

சித்தப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். முந்தைய வருடம் ஒரு கம்பிக் கயிறு அவருடைய வலது கையை இரும்புத் தூணோடு சேர்த்து நசுக்கிவிட்டது. நடு இரண்டு விரல்களும் மடங்காது. முப்பது விழுக்காடு ஊனம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்கான இழப்பீடு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வந்ததும் ஒரு கேண்டீனில் தேநீர் ஸ்டாலை எடுத்து நடத்துவது என்று அவரும் சித்தியும் பேசி வைத்திருந்தார்கள். ஸ்டால்காரர் ஊருக்குத் திரும்புகிறார். இவர்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

சித்தப்பா அந்தக் கடைக்கு முதலில் வந்தது என்னைப் பிடிக்கத்தான். பிள்ளை படிக்காமல் எங்கோ போகிறான் என்று சித்தி அனுப்பியிருந்தார். வந்தவர் எனக்குப் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தார். பிறகு, “தள்ளுடா,” என்றார். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் வந்தார். விரல்கள் மடங்காததால் மணிக்கட்டின் ஓரத்தால்தான் பொத்தானைத் தட்டுவார். டக் டக் என்று மரத்தில் ஆணி அடிப்பது போலக் கேட்கும். கடைக்காரர் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அவர் லேசில் வெளியே வர மாட்டார்.

“சித்தப்பா, அங்கேயே ரிட்டயர் ஆகப் போறீங்களா?” என்பார் டைப்பிஸ்ட் அண்ணன். “பின்னாடி க்யூ நிக்குது லா.”

“அவசரப்பட்டவன்லாம் போய்ச் சேந்துட்டான். எண்ணிக்கிட்டு இருக்கேன். அவன் மூணு தடவ சுடுவான், அப்புறம் நிறுத்துவான்.”

“நிறுத்தினதும் போங்க.”

“போனா பாலம் வரும். பாலத்துல டிரம் இல்ல.”

அவர் ஒரு தடவைகூடப் பாலத்தைத் தாண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் இப்படிப்பட்ட கடைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் கடிதம் மேல் கடிதமாக வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும். கடைக்காரர் ஒரு நாள் எங்களிடம், இன்னும் சில மாதம்தான், பிறகு மூடிவிடுவார்கள் என்று மலாயில் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆடுகிறவர்களின் கருத்தை யாருமே கேட்கவில்லையே என்று தோன்றியது. பத்திரிகைக்கு நானே எழுதுகிறேன் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

“எழுது,” என்றார் டைப்பிஸ்ட் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவில் பாடுபவர் அவர். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து நேராக இங்கேதான் வருவார். “மெஷின் ஏமாத்துதுன்னு மொதல்ல எழுது. நாமதான் அவன் முதுகுக்குப் பின்னால நிக்கிறோம். அப்புறம் மூணாவது ஸ்டேஜ்ல நமக்கும் பின்னாலேருந்து ஒருத்தன் வர்றானே, அவன் எங்கேருந்து வர்றான்?”

“அண்ணே, அது கடைக்குள்ளேருந்து வருது,” என்றார் மெக்கானிக். தமிழர்களோடு வளர்ந்தவர், எங்களைப் போலவே பேசுவார். “மொதலாளி தவுக்கே அனுப்புறாரு, காசு சீக்கிரம் முடியட்டும்னு.”

“ஒன் கருத்த சொல்லுப்பா,” என்றார் அண்ணன்.

“பாலம் நல்லா இருக்கு. ரொம்ப சூசா, கஷ்டம்தான், ஆனா நல்லா இருக்கு. காடு வேஸ்ட். அதே ஆளு, அதே மரம், கலர மட்டும் மாத்திட்டான். அப்புறம் இன்னொண்ணு எழுது. மொகத்த காட்டலாம். இத்தன நாளா பின்னாடியே போறேன், ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்னவாம்?”

“திரும்பினா ஒன்னய சுட்டுருவான்,” என்றார் டைப்பிஸ்ட் அண்ணன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது கடிதம் சிரிப்பாக இருந்தது. மந்திரி படித்தால் மனம் மாறும்படி இல்லை. கட்டுரை என்றால் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும். பரீட்சையில் அதற்குத்தான் மதிப்பெண். அப்போதுதான் சித்தப்பாவின் கை நினைவுக்கு வந்தது. கடைசிப் பத்தியை எழுதினேன்.

“கப்பல் பட்டறை விபத்தில் வலக்கை விரல்களின் வலுவை இழந்த தொழிலாளி ஒருவர், இவ்விளையாட்டில் தொடர்ந்து பயின்றதன் பயனாக, இன்று நிமிடத்திற்கு அறுபது முறை தம் விரல்களால் பொத்தானை அழுத்தும் ஆற்றலைப் பெற்றுள்ளார்.”

அறுபது என்பது உண்மை. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒரு நாள் எண்ணியிருந்தேன். விரல் என்பது பொய். மணிக்கட்டு என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் சரியாக நிற்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகையில் அது வாசகர் பக்கத்தில் வந்தது. எல்லோருடைய கருத்தையும் வெட்டிவிட்டு என் முன்னுரையையும் கடைசிப் பத்தியையும் மட்டும் போட்டிருந்தார்கள். கீழே என் பெயர். வீட்டில் அதை மூன்று முறை வாசித்தேன். அப்பா வேலை உடையைக்கூட மாற்றாமல் நின்று கேட்டார். சித்தப்பா, “தொழிலாளி ஒருவர்னா அது நான்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பேரு போடல.” அவருக்கு அது ஒரு குறையாக இருந்தது.

மறுநாள் அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஸ்டோரில் காட்டினார், கேண்டீனில் காட்டினார். பிறகு ஆபீசுக்கே போய்த் தலைமை கிளார்க்கின் மேசையில் வைத்து, அண்ணன் மகன் எழுதியது, இதில் வருவது நான் என்று சொல்லியிருக்கிறார். கிளார்க் வாசித்துவிட்டு, இதை இங்கே வைத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாராம். சாயங்காலம் வந்து சித்தியிடம் அதைத்தான் முதலில் சொன்னார்: ஆபீஸிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கப்பல் பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. வழக்கம்போல என் கைக்கு வந்தது. ஊன விழுக்காட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கவில்லை. வேறு டாக்டரிடம் மறுபடியும் கையைக் காட்ட வேண்டும். இணைப்பாக ஒரு தாள். என் கடைசிப் பத்தி, ஆங்கிலத்தில், டைப் அடித்து.

வாசித்துச் சொன்னேன். சித்தப்பாவுக்கு உடனே பிடிபடவில்லை. சித்திக்குப் பிடிபட்டுவிட்டது.

“நம்ம பேப்பர்ல இருக்கற அந்த வரிய மட்டும் திரும்பப் படி,” என்றார்.

படித்தேன்.

“வெரலாலயா அடிச்சாரு?”

“இல்ல சித்தி. மணிக்கட்டால.”

“அப்ப ஏன் வெரல்னு எழுதின?”

“அப்படி எழுதினா நல்லா இருக்கும்னு.”

“யாருக்கு?”

அப்பா குறுக்கிட்டு ஏதோ சொல்ல வந்தார். சித்தப்பா அவரைக் கையமர்த்தினார். பிறகு எழுந்து நடைக்கூடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போகாமல் கப்பல் பட்டறைக்குப் போனேன். தலைமை கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என்னை உட்காரச் சொன்னார்.

“நீர்தானே இதை எழுதின பிள்ளை? தமிழ் நல்லா இருக்கு.”

“அது பொய் ஐயா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“எது பொய்?”

“விரல்னு எழுதினது.”

“அறுபது தரம் எண்டது?”

“அது உண்மைதான் ஐயா.”

“தம்பி, நான் இதைத் தேடிப் போகேல்லை. உம்மட சித்தப்பாதான் கொண்டுவந்து இந்த மேசையில வச்சவர். வாசிச்ச உடனே எனக்கு விளங்கிட்டுது. எடுத்துக்கொண்டு போம் எண்டு சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள பக்கத்தில நிண்ட மனேஜர், என்ன கடதாசி எண்டு கேட்டார். உம்மட சித்தப்பா சிரிச்சுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினவர். பிறகு நான் என்ன செய்யிறது?”

“நான் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“தாரும். கோப்பில வைக்கிறன்.” தாளும் பேனாவும் எடுத்துத் தந்தார். “ஆனா ஒரு ஆள் ரெண்டு கடதாசி எழுதினா, ஆக்கள் அச்சில வந்ததைத்தான் நம்புவினம்.”

எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் எதுவும் வரவில்லை.

புது டாக்டரிடம் சித்தப்பாவோடு நான்தான் போனேன், மொழிபெயர்க்க. ரப்பர் பந்தைப் பிடிக்கச் சொன்னார்கள், சட்டைப் பித்தானைப் போடச் சொன்னார்கள். சித்தப்பாவால் முடியவில்லை, முடியாததை மறைக்கவும் இல்லை. டாக்டர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஆட்டத்தில் எப்படிப் பொத்தானை அழுத்துவார், மேசையில் தட்டிக் காட்டட்டும் என்றார்.

சொன்னேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “மெதுவாவா, வேகமாவா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது என்னைத்தான். ஒரு சொல் போதும். ஆனால் எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பு, இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்வது. மெதுவாகத் தட்டவா வேகமாகத் தட்டவா என்று சித்தப்பா கேட்கிறார், என்று டாக்டரிடம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டர் தலை நிமிர்ந்து முதலில் என்னையும் பிறகு அவரையும் பார்த்தார். வழக்கமாக எப்படி ஆடுவாரோ அப்படி, என்றார். சித்தப்பா மணிக்கட்டால் தட்டினார். அந்தச் சின்ன அறையில் அது பலமாகக் கேட்டது. டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “டாக்டர் தமிழ் ஆளு இல்லையே,” என்றார் சித்தப்பா. “நீ என்ன சொன்னாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காதே.”

அந்த வருட முடிவுக்குள் கடையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மெஷின்களை லாரியில் ஏற்றியபோது டைப்பிஸ்ட் அண்ணன் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். நான் போகவில்லை. தேநீர் ஸ்டாலை வேறொருவர் எடுத்துக்கொண்டார். சித்தப்பா ஸ்டோர் வாசலிலேயே இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆள் குறைப்பில் அந்த நாற்காலியும் போயிற்று. சித்தி ஒரு ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைக்கப் போனார். வீட்டுக்கு வரும் கடிதங்களை அதற்குப் பிறகு அவர் என்னிடம் கொடுப்பதில்லை. பெரிய மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவள் அப்போது தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

இழப்பீட்டுக் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். முப்பது விழுக்காடு பத்தாகக் குறைந்திருந்தது. பன்னிரண்டாயிரத்து அறுநூறு சிங்கப்பூர் வெள்ளி வர வேண்டிய இடத்தில் நான்காயிரத்து இருநூறு வந்தது. போனது எட்டாயிரத்து நானூறு வெள்ளி.